கண் கறுக்காத குஞ்சுகள்

சுந்தரி அழ ஆரம்பித்துவிட்டால் பால் புட்டி, கிலுகிலுப்பை, தாலாட்டு என்று எதைக் கொண்டுவந்தாலும் வேலைக்கு ஆகாது. அவள் அப்பன் ராஜரத்தினம் வரவேண்டும். வந்து, பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு "உஸ்ஸ்ஸ்" என்று மூச்சு விடவேண்டும். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, கால் மணி நேரம். பிள்ளையின் முகம் மெல்லச் சத்தம் வரும் பக்கமாகத் திரும்பும். கண்கள் திறந்துதான் இருக்கும், ஆனால் அவை எதையும் பார்ப்பதில்லை. அப்படியே தூங்கிப்போகும்.

மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் அந்த வரிசை வீடுகளுக்குப் பலகைச் சுவர்தான். ஒரு வீட்டில் தும்மினால் மூன்று வீட்டில் கேட்கும். "என்ன ரத்தினம், வீட்டுல பாம்பு வளக்கிறியா?" என்று குழாயடியில் கேலி செய்வார்கள். ராஜரத்தினமும் சேர்ந்து சிரிப்பான். சிரிக்காமல் என்ன செய்வான்? அந்தச் சத்தம் பிள்ளைக்கு எங்கிருந்து பழகியது என்று ஊரில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். பிறந்த நாளிலிருந்து பதினெட்டு நாள் அவள் கேட்டது தாயின் குரலை அல்ல, ஆக்சிஜன் சிலிண்டரின் சத்தத்தை.

அப்போது அவன் மலாக்காவிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் சிலிண்டர் ஆளாக இருந்தான். எந்த ஆஸ்பத்திரி என்று என்னைக் கேட்காதீர்கள், பெயரைச் சொல்லி இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. லோரியில் வருகிற சிலிண்டர்களை இறக்கி, சாய்த்து உருட்டிக்கொண்டு போய், கட்டில் தலைமாட்டில் நிறுத்தி, ஸ்பேனரால் வால்வைத் திருகி ரப்பர் குழாயை மாட்டுவது அவன் வேலை. சாகக் கிடந்தவர்கள் அந்தக் காற்றை இழுத்ததும் உதடு சிவந்து கண் விழிப்பதை எத்தனையோ தடவை பார்த்தவன். அந்த இரும்பின் மேல் அவனுக்கு ஒரு பக்தியே இருந்தது. தினம் காலையில் துணி வைத்துத் துடைத்துவிட்டு, யாரும் பார்க்காதபோது தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான்.

1955ஆம் வருஷம் ஜூலையில் அவன் மனைவி கோகிலாவுக்கு ஏழாம் மாதமே வலி கண்டுவிட்டது. பிறந்த பெண் மூன்று ராத்தல்கூட இல்லை. கண்ணாடி மூடி போட்ட மரப்பெட்டியில், சுற்றிலும் வெந்நீர்ப் பாட்டில்கள் அடுக்கி, அதில் கிடத்தினார்கள். ஆக்சிஜன் குழாயைப் பெட்டிக்குள் விட்டது ராஜரத்தினம்தான். வார்டு சிஸ்டர் அவனைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொன்னாள்: பிள்ளை நீலம் பாய்ந்தால் மட்டும் காற்றைத் திற, நிறம் திரும்பியதும் மூடிவிடு, இது மேலிடத்துப் புது உத்தரவு. ஏன் என்று அவள் சொல்லவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

உயிர்க்காற்றில் கஞ்சத்தனமா, அதுவும் தன் பிள்ளைக்கு? அவனுக்கு மனசு கேட்கவில்லை. சிஸ்டர் அந்தப் பக்கம் போனதும் வால்வை இரண்டு சுற்றுத் திறப்பான். அவள் செருப்புச் சத்தம் திரும்பி வருவதற்குள் மூடிவிடுவான். பகல் முறை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், ராத்திரி முறையையும் கேட்டு வாங்கிக்கொண்டு, பதினெட்டு நாளும் இதே காரியம்தான். பிள்ளை ரோஜா நிறத்தில் கிடந்தது. பிழைக்காது என்று எல்லாரும் கைவிட்ட பிள்ளை பிழைத்தது. வீட்டுக்குத் தூக்கிப்போன அன்றைக்கு அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

நாலாம் மாதம், முகத்துக்கு நேரே விளக்கைக் கொண்டுபோனாலும் கண் அசையவில்லை. டாக்டர் டார்ச்சு அடித்துப் பார்த்தார். கருவிழிக்கு உள்ளே வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது, இதற்கு வைத்தியம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பிள்ளைக்கு ஒன்று என்றால் பழிக்கு ஆள் தேடாமல் நம் ஜனத்துக்குச் சோறு இறங்காது. ராஜரத்தினத்தின் அக்கா மல்லிகா, மூன்று வீடு தள்ளி இருந்தவள், ஒரே நாளில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள். அந்த ஜூன் மாதம் சூரிய கிரகணம். நடுப்பகலில் வெளிச்சம் மங்கிக்கொண்டே போனது. வயிற்றுப் பிள்ளைக்காரி கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்க வேண்டாமா? கோகிலா வெளியே வந்தாள். வெயிலோடு தூறலும் விழுந்தது, புருஷனுடைய ஆஸ்பத்திரி யூனிஃபார்ம் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது, அதை எடுக்கத்தான் வந்தாள். சூரியனை அவள் ஏறெடுத்துப் பார்க்கவே இல்லை. ரம்புத்தான் மரத்தடியில் வெயில் பொட்டுப்பொட்டாக விழுமே, அது அன்றைக்கு அத்தனையும் பிறை வடிவில் விழுந்திருந்தது. அழகாக இருந்ததென்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அவ்வளவுதான் அவள் செய்த பாவம்.

அதை மல்லிகாவிடம் தானே ஒப்புக்கொண்டாள். அன்று மாலை ராஜரத்தினம் வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே அவன் காலில் விழுந்து, "நாந்தாங்க பிள்ளையக் குருடாக்கிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க" என்று கதறினாள். அவன் அவளைத் தூக்கி நிறுத்தினான். அந்த நொடியில் அவன் நெஞ்சுக்குள் சிஸ்டரின் குரலும் ஸ்பேனரின் கனமும் வந்துபோயின. அந்தக் காற்றுதான் காரணமா என்று நிச்சயம் தெரியாது. ஆனாலும் ஒரு முள் குத்தியது. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். அவன் சொன்னது வேறு. "மன்னிச்சிட்டேன் கோகிலா. விடு."

இந்த இடத்தில்தான் எனக்கு அவன் மேல் கோபம் வருகிறது. வால்வைத் திறந்ததற்கு இல்லை, அது பாசத்தில் செய்தது. இந்த மன்னிப்புக்கு. ஊரோ அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. "வேற ஒருத்தனா இருந்தா பொண்டாட்டிய அவ அப்பன் வீட்டுக்கு அனுப்பியிருப்பான், தங்கமான மனுஷன்" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். தங்கமான மனுஷன் ஆறு மாதத்தில் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டான். சிலிண்டரைத் தொடவே முடியவில்லை என்று யாரிடமும் சொல்லவில்லை, முதுகு வலி என்று சொன்னான்.

இரண்டு வருஷம் கழிந்தது. மெர்டேக்கா என்ற சுதந்திரம் வந்து, தெருவெல்லாம் கட்டிய காகிதக் கொடிகள் மழையில் சாயம் போய்த் தொங்கிக்கொண்டிருந்த சமயம் கோகிலாவுக்கு மறுபடி வயிறு தெரிய ஆரம்பித்தது. மல்லிகா பஞ்சாங்கத்தைப் பிரித்தாள். ஐப்பசிப் பௌர்ணமி, நவம்பர் ஏழாம் தேதி, சந்திர கிரகணம். அப்போது கோகிலாவுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருக்கும், போன தடவை வலி கண்ட அதே மாதம்.

கோகிலா அன்றிலிருந்து வெயிலில் இறங்கவில்லை. தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்தாள். பிறகு ஒருநாள் புருஷனிடம் நிதானமாகச் சொன்னாள்: பிள்ளை பிறந்ததும் அண்ணி மல்லிகாவுக்குக் கொடுத்துவிடப் போகிறாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அவள் கேட்கவும் இல்லை, கோகிலாவாகவே வலியக் கொடுத்தாள். "என் கண்ணு பட்டா இதுவும் வீணாப் போயிடும்" என்றாள். கிரகணம் விட்டதும் தலைமுழுகிவிட்டு வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வது என்று இரண்டு பெண்களும் முடிவு செய்திருந்தார்கள். ராஜரத்தினம் வேண்டாம் என்றான். காரணம் கேட்டபோது சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அந்த வருஷம்தான் அவனுக்குப் பண்டார் ஹிலிர் கடலோரத்தில் புது வேலை கிடைத்தது. தகரக் கூரை போட்ட ஒரு மீன் ஆராய்ச்சிக் கொட்டகை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஷரீஃபுதீன், இருபத்தாறு வயசுப் பையன்தான். அவருடைய வாப்பா அதே பண்டார் ஹிலிரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். சிங்கப்பூரில் படித்துவிட்டு வந்த மகன் கடையில் உட்காருவான் என்று பார்த்தால், அவர் மீன் முட்டைக்கு அடைகாக்கப் போய்விட்டார். "சிலிண்டர் பழகின ஆள் வேணும்ணே, எனக்கு அது சூசா, ரொம்பச் சிரமம்" என்று அவர் சொன்னபோது ராஜரத்தினம் அப்படியே திரும்பிப் போய்விடப் பார்த்தான். ஆனால் வேறு வேலை இல்லை.

வேலை இதுதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஆற்று முகத்துவாரத்தில் சினை முற்றிய சியாக்காப் மீன் வலையில் விழும், நம் ஆட்கள் கொடுவா என்பார்களே அது. அதை உயிரோடு வாங்கி, வயிற்றை மெல்ல வருடி முட்டையைப் பீங்கான் தட்டில் வடித்து, ஆண் மீனின் பாலையும் விட்டு, கோழி இறகால் கலக்கவேண்டும். பிறகு வடிகட்டிய கடல்நீர் உள்ள கண்ணாடி ஜாடிகளில் விடவேண்டும். முட்டை கடுகைவிடச் சிறியது, கண்ணாடி மாதிரி உள்ளே எல்லாம் தெரியும். மறுநாளே பொரிந்து மயிரிழை போல் குஞ்சு வரும். வரும்போது அதற்குக் கண் கறுத்திருக்காது. மூன்றாம் நாள்தான் ஊசிமுனை அளவில் இரண்டு கறுப்புப் புள்ளி விழும். அன்றைக்குத்தான் அது பார்க்க ஆரம்பிக்கும் என்றார் ஷரீஃபுதீன்.

இந்த முட்டைகளைத் தகர டின்னில் அடைத்து ரயிலில் சிங்கப்பூர் குளங்களுக்கு அனுப்பவேண்டும். வழியில் மூச்சு முட்டிச் சாகாமல் இருக்க ஆக்சிஜன் நிரப்பினால் என்ன என்பது அவர் யோசனை. அக்டோபர் பௌர்ணமிக்கு முதல் முறை பார்த்தார்கள். ஒரு ஜாடிக்குச் சாதாரணக் காற்று, லோரி டியூபில் மிதித்து அடைத்தது. இன்னொன்றுக்கு சிலிண்டர். "அரைச் சுத்து போதும்" என்று சொல்லிவிட்டு அவர் தொழுகைக்குப் போனார்.

ராஜரத்தினம் அந்த ஜாடியின் முன் நின்றான். கண்ணாடிக்குள் ஆயிரம் உயிர். அவன் கை தானாகப் போனது. இரண்டு சுற்று.

மறுநாள் அந்த ஜாடியில் எல்லாம் வெள்ளையாகிப் போய் அடியில் கிடந்தன. காற்று ஜாடியில் குஞ்சுகள் துள்ளிக்கொண்டிருந்தன. அவன் மறைக்கவில்லை, மீனாக இருந்ததால் உண்மையைச் சொல்ல முடிந்தது. ஷரீஃபுதீன் திட்டுவார் என்று எதிர்பார்த்தான். அவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டு, "ரெண்டு சுத்தா? சரியா சொல்லுங்கண்ணே, எத்தனை மணிக்கு?" என்று ஆசையாகக் கேட்டார்.

தீபாவளிக்கு மறுநாள் அமாவாசை. ராஜரத்தினம் கொண்டுபோன முறுக்கைக் கடித்துக்கொண்டே ஷரீஃபுதீன் மூன்று ஜாடிகளைத் தயார் செய்தார். ஒன்று காற்று, ஒன்று கால் சுற்று, ஒன்று அரைச் சுற்று. மூன்றாம் நாள் காலையில் பூதக்கண்ணாடியை ராஜரத்தினத்திடமே கொடுத்து, "பாருங்கண்ணே" என்றார்.

காற்று ஜாடியில் ஒவ்வொரு குஞ்சுக்கும் இரண்டு கறுப்புப் புள்ளி. கால் சுற்றில் பாதிக்கு மேல் முதுகு வளைந்திருந்தது, புள்ளி மங்கல். அரைச் சுற்றில் பிழைத்தவை பத்துப் பதினைந்துதான். அவை ஜாடியின் சுவரில் முட்டி முட்டித் திரும்பிக்கொண்டிருந்தன. கண் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளை.

"ஏன் சார் இப்படி?" என்றான். பூதக்கண்ணாடியை ஜாடியிலிருந்து எடுக்கவில்லை.

"ஆக்சிஜன் இல்லாம நாம இல்ல. ஆனா அது சாது இல்லண்ணே. உடம்புக்குள்ள போய் வேலை செய்யும்போது அதுல கொஞ்சம் தறிகெட்டுப் போகும். அந்தத் தறிகெட்டது எதைத் தொட்டாலும் அரிச்சிடும், இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி. இப்பத்தான் சில பேர் இதை எழுத ஆரம்பிச்சிருக்காங்க, முழுசா முடிவாகல."

"நமக்கு ஒண்ணும் ஆகலையே சார்."

"நம்ம உடம்பு அதை அடக்குற மருந்தைத் தானே செஞ்சுக்குது. பெரிய மீனும் செஞ்சுக்கும். முட்டைக்குள்ள இருக்கிறது இன்னும் செய்யப் பழகல. தாய் கொஞ்சூண்டு குடுத்து அனுப்பியிருக்கும், அதுதான் கையிருப்பு. சாதாரணக் காத்துக்கு அது தாங்கும். சிலிண்டரைத் தொறந்துவிட்டா எப்படித் தாங்கும்? முதல்ல அடிபடுறது கண்ணுதான் போல." முறுக்குத் தூளைத் தட்டிவிட்டு, பேச்சோடு பேச்சாக மேலும் சொன்னார். "மனுஷப் பிள்ளைக்கும் இதேதான். வெளிநாட்டுல குறைமாசப் பிள்ளைங்களுக்கு ஆக்சிஜனை வாரி வாரிக் குடுத்திருக்காங்க, ஆயிரக்கணக்குல கண்ணு போயிடுச்சு. கவனிப்பு அதிகமா இருந்த ஆஸ்பத்திரியிலதான் ரொம்பப் போச்சு. ரெண்டு மூணு வருஷமாத்தான் இது வெளிய தெரியுது. இப்ப எல்லா இடத்துலயும் குறைக்கச் சொல்லி உத்தரவு."

ராஜரத்தினம் பூதக்கண்ணாடியைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான். பிறகு, "வயித்துல பிள்ளை இருக்கும்போது கிரகணம் பாத்தா கண்ணு போகுமா சார்?" என்று கேட்டான்.

"எங்க உம்மாவும்தான் சொல்லுவாங்க. அதுக்கும் இதுக்கும் என்னண்ணே சம்பந்தம்?" என்று அவர் சிரித்தார். ராஜரத்தினத்துக்கு ஒரு பிள்ளை இருப்பது அவருக்குத் தெரியும். அது எப்படிப்பட்ட பிள்ளை என்று தெரியாது.

அன்றிலிருந்து பன்னிரண்டு நாள் அவன் பட்ட பாட்டை நான் சொல்லித்தான் ஆகவேண்டும், பாவம், பட்டவன் அவன்தானே. சத்தம் அவனை விடவில்லை. பாசாரில் எண்ணெய்ச் சட்டியில் வாழைப்பழத்தைப் போட்டால் உஸ் என்றது. சைக்கிளுக்குக் காற்று அடித்துவிட்டுக் குழாயைப் பிடுங்கினால் உஸ் என்றது. குடிக்கத் தண்ணீர் எடுத்தால் செம்புக்குள் வெள்ளைக் கண்ணோடு ஏதோ முட்டி முட்டித் திரும்பியது. கீழே ஊற்றிவிட்டு வேறு மொண்டால் அதிலும் இருந்தது. தண்ணீரைக் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கப் பழகினான்.

வீட்டில் இன்னும் மோசம். சுந்தரி அழுவாள், அவன் போய் உட்கார்ந்து பல்லைக் கடிப்பான். முகம் அவன் பக்கம் திரும்பும், அந்த ஜாடிக் குஞ்சு திரும்பிய மாதிரியே. இத்தனை நாளும் தன் பாசத்தைத் தேடித் திரும்புகிறாள் என்று நினைத்திருந்தான். தன்னைச் சுட்ட கையைத்தான் தேடுகிறாள் என்று இப்போது தோன்றியது. தாய் கொடுத்து அனுப்பியதைத் தகப்பன் அழித்தான் என்பது மட்டும் மண்டைக்குள் திரும்பத் திரும்ப ஓடியது.

சொல்லிவிட இரண்டு தடவை முயன்றான். முதல் தடவை, "கோகிலா, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தபோது அவள் தலை வாரிக்கொண்டே, "நீங்க மட்டும் அன்னைக்கு மன்னிக்கலேன்னா நான் கிணத்துலதான் கிடப்பேன்" என்றாள். வீட்டில் அரிசி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு எழுந்துகொண்டான். இரண்டாம் தடவை அவளே, "என்னங்க, முகமே சரியில்ல, பிள்ளையக் குடுக்கிறது கஷ்டமா இருக்கா? எனக்காகப் பொறுத்துக்குங்க" என்று அவனைத் தேற்றினாள். நான் அவன் இடத்தில் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ, தெரியவில்லை.

நவம்பர் ஏழாம் தேதி வியாழக்கிழமை. அவன் ஏழரை மணிக்கு வீடு வந்தபோது மல்லிகா ஜன்னலில் கோணிச் சாக்கு வைத்து ஆணி அடித்து முடித்திருந்தாள். தண்ணீர்ப் பானைகள்மேல் தர்ப்பை போட்டிருந்தது. உள் அறையில் பாய் விரித்து, கோகிலா இப்போதே கையைக் காலை நீட்டி மல்லாந்து படுத்துப் பழகிக்கொண்டிருந்தாள். சுந்தரி மூலையில் தகர டப்பாவை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

"எட்டேகாலுக்குப் புடிக்குது. நடு ராத்திரி வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி கூடாது, திரும்பிப் படுக்கக் கூடாது. விட்டதும் வெத்தலத் தட்டோட வர்றேன்" என்றாள் மல்லிகா. தம்பியின் கன்னத்தைத் தொட்டு, "மனச விட்டுடாதடா. என் பிள்ளையா வளத்தாலும் உன் ரத்தம்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் கெட்டவள் இல்லை. அவள் கண்ணில் அப்படி ஓர் ஆசை இருந்தது, அவனால் பார்க்க முடியவில்லை.

கதவைச் சாத்தினான். அறை இருட்டானது.

"இன்னையோட ஒரு முடிவு வந்துடும்" என்றாள் கோகிலா, கூரையைப் பார்த்தபடி. "பொறந்ததும் துணியப் போட்டு மூடிக் கொண்டுபோயிடச் சொல்லியிருக்கேன். நான் முகத்தக்கூட பாக்க மாட்டேங்க. அழுதா காதப் பொத்திக்குவேன்."

அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை. சுவரோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். சிஸ்டர் சொன்னது, இரண்டு சுற்று, செருப்புச் சத்தம், பதினெட்டு நாள். பிறகு மூன்று ஜாடி, கறுக்காத கண், ஷரீஃபுதீன் சொன்ன வெளிநாட்டுப் பிள்ளைகள். சொல்லும்போது அழவில்லை. அழுதால் அவள் தேற்ற வந்துவிடுவாள் என்ற பயம்.

கோகிலா அசையவில்லை. படுத்தபடியே கேட்டாள். "சிஸ்டர் மூடச் சொன்னாங்க."

"சொன்னாங்க."

"நீங்க தொறந்தீங்க."

"ஆமா."

"நான் மரத்தடியில பாத்தது..."

"அதுல ஒண்ணுமே இல்ல கோகிலா. அது வெறும் வெளிச்சம்."

மூலையில் தகர டப்பா உருண்டது. அவள் கேட்டாள். "நான் கால்ல விழுந்தேனே. அன்னைக்கு உங்களுக்குத் தெரியுமா?"

இதற்குத்தான் அவன் இரண்டு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தான். "நிச்சயமாத் தெரியாது. சந்தேகம் இருந்துச்சு."

"சந்தேகம் இருந்துச்சு" என்று அவள் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். "இருந்தும் மன்னிச்சீங்க."

அவள் எழுந்தாள். ஏழு மாத வயிறு, சுவரைப் பிடித்துத்தான் எழ முடிந்தது. அவன் கை கொடுக்கப் போனான், அவள் எடுக்கவில்லை. ஜன்னலுக்குப் போய்ச் சாக்கின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். ஆணிகள் ஒவ்வொன்றாகத் தெறித்துத் தரையில் விழுந்தன. முழு நிலா அதற்குள் மேலே வந்திருந்தது, அறை வெளுத்தது.

"அண்ணிகிட்ட போய்ச் சொல்லுங்க, பிள்ளை கிடையாதுன்னு. ஏன்னு கேட்டா ஏன்னும் சொல்லுங்க."

"சரி."

"அப்பறம் அந்த மன்னிப்பு. அதை நீங்களே திருப்பி எடுத்துக்குங்க. ரெண்டு வருஷமா அதைக் கும்பிட்டுக்கிட்டுக் கிடந்தேன்." சுந்தரியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போனாள். முக்காடு பாயிலேயே கிடந்தது.

அவன் மூன்று வீடு தள்ளிப் போனான். மல்லிகா கதவைத் திறக்கவில்லை, கிரகணம் தொட்டுவிட்டது. கதவிடுக்கில் வாயை வைத்து எல்லாவற்றையும் இரண்டாம் தடவை சொன்னான். உள்ளே காலடிச் சத்தம் கதவு வரைக்கும் வந்தது. பிறகு அக்காவின் குரல் கரகரத்து வந்தது. "அவளக் காப்பாத்தப் பொய் சொல்றடா ரத்தினம். அவ பழியத் தூக்கி உன் தலையில போட்டுக்கிற. உன்னை மாதிரி மனுஷன் உண்டா?"

"இல்லக்கா. நெசமா நாந்தான்."

"போடா. நீ தங்கம்டா." உள்ளே அவள் அழுதுகொண்டிருந்தாள்.

அவன் திரும்பி வந்தான். தமிழர் வீடுகள் அத்தனையும் சாத்தியிருந்தன. வெளியே இருந்தது கோகிலா ஒருத்திதான். ரம்புத்தான் மரத்தைத் தாண்டி, வெட்டவெளியில், சலவைக் கல்லின்மேல் உட்கார்ந்து நிலாவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் ஓரத்தில் ஒரு கடி விழுந்திருந்தது. சுந்தரி அவள் மடியில். அவன் பக்கத்தில் போகத் துணியாமல் வாசல்படியிலேயே நின்றான்.

அப்போது பின்தெருவில், நிலாவை விழுங்க வந்த வான நாயை விரட்டவென்று சீனர்கள் தகரம் தட்ட ஆரம்பித்தார்கள். டின், தட்டு, பானை மூடி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டு அடித்தார்கள். சுந்தரி திடுக்கிட்டு அழுதாள். கோகிலா தட்டிக்கொடுத்தாள், மார்போடு அணைத்தாள், காதில் ஏதோ பாடினாள். அழுகை நிற்கவில்லை. "அப்பா, உஸ்" என்றது பிள்ளை. "அப்பா, உஸ் வேணும்."

ராஜரத்தினம் வாயைத் திறந்தான். காற்று வரவில்லை. கோகிலா எழுந்து போய்விடுவாள், அல்லது பிள்ளையின் காதைப் பொத்திவிடுவாள் என்று நினைத்தான்.

அவள் நிலாவைப் பார்த்தபடியே சொன்னாள். "போடுங்க. அவ தூங்கணும்."

அவன் படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விட்டான். உஸ்ஸ்ஸ். தகரச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமென்று பலமாக விட்டான். சுந்தரியின் அழுகை தணிந்தது. முகத்தைச் சத்தம் வந்த பக்கமாகத் திருப்பினாள்.

கோகிலா திரும்பவில்லை.